பள்ளியில் பரிணாமம், ஓய்வுநாள் பள்ளியில் ஆறு நாள் படைப்பு: பத்தாம் வகுப்பு மகனிடம் எதை நம்பச் சொல்வது?

ஞாயிறுதோறும் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியில் யாரோ "பரிணாமம் பிசாசின் போதனை" என்று சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து மகன் அந்தப் பாடத்தையே தொடமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு, பையன் நன்றாகப் படிப்பவன், சமச்சீர்ப் பாடத்திட்டம் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். சிபிஎஸ்இ என்றால் இந்தச் சண்டையே உங்கள் வீட்டுக்கு வந்திருக்காது. கொரோனா காலத்தில் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று ஆரம்பித்து, 2023-ல் சிபிஎஸ்இ பள்ளிகள் பயன்படுத்தும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தே விட்டார்கள். விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1800 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிறந்ததிலிருந்து சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. என் தாத்தா சபையில் வேதம் போதிக்கும் உபதேசியாராக இருந்தவர். "நாத்திகம் பேச வந்துவிட்டாள்" என்று எழுத நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பையனை நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளையை நான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண். அறிவியலில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. திருப்புதல் தேர்வில் பரிணாமத்துக்கான சான்றுகள் பற்றிய 7 மதிப்பெண் கேள்விக்கு அப்படியே இடம் விட்டிருந்தாள். நேரம் போதவில்லையோ என்று கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு, "எழுதினா இயேசுவை மறுதலிச்ச மாதிரி ஆயிடும் டீச்சர்" என்று சொல்லி அழுதுவிட்டாள். விடுமுறையில் நடந்த வாலிபர் முகாமுக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பேசியிருக்கிறார். பூமிக்கு 6000 வயதுதான், டைனோசரும் மனிதனும் ஒன்றாக வாழ்ந்தார்கள், பரிட்சையில் இதற்கு மாறாக எழுதுகிறவன் இயேசுவைத் தெரியாது என்று சொன்ன சீடன் பேதுருவைப் போலச் சேவல் கூவுமுன் மறுதலிக்கிறவன் என்று திரையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளையிடம்!

நான் அவளிடம் விவாதம் செய்யவில்லை. புத்தகத்தில் இருக்கும் அந்தப் படத்தைத் திறந்தேன். மனிதனின் கை, பூனையின் முன்னங்கால், திமிங்கலத்தின் துடுப்பு, வௌவாலின் இறக்கை. நாலும் நாலு வேலை செய்கின்றன, ஆனால் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, அப்புறம் மணிக்கட்டு, விரல்கள் என்று அடிப்படை அமைப்பு ஒன்றே. "இதை எண்ணிப் பார்த்து எழுதுவதில் எங்கே மறுதலிப்பு இருக்கு? உண்டாக்கினவர் யார்னு இந்தப் பாடம் கேட்கவே இல்லையேம்மா" என்றேன். தலையை ஆட்டினாள். பொதுத்தேர்வில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அது அவளுடைய மனசாட்சி.

ஆனால் ஐயரிடம் போய்க் கேட்டேன். எங்கள் பக்கம் சேகர குருவை, அதாவது பாதிரியாரை, ஐயர் என்றுதான் சொல்வோம். பொறுமையாகக் கேட்டார். இறையியல் கல்லூரியில், படைப்பைச் சொல்லும் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று தாமே படித்திருப்பதாகவும், அந்த ஆறு நாளைக் கடிகார நாளாகத் தாம் எடுத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார். "அப்படியானால் பிரசங்கத்தில் ஒருமுறை சொல்லுங்களேன்" என்றேன். "சபைக் கமிட்டியில கேள்வி வரும் டீச்சர்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் தெரிந்தவர் வாய் திறக்காமல் இருந்தால் தெரியாதவர் மைக்கைப் பிடிக்கிறார். அடுத்த வருஷம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை.

அந்த முகாமில் சொன்னதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் மகனுக்குப் பாதி பயம் போய்விடும். 6000 ஆண்டு என்ற கணக்கு வேதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்து, படைப்பு கி.மு. 4004 என்றார். பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அதை அச்சடித்தார்கள். ஓரத்தில் இருந்தது ஜனங்கள் மனதில் வசனமாகவே ஆகிவிட்டது. 1925-ல் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில், பரிணாமம் நடத்தியதற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். அந்த வழக்கில் வேதத்தின் பக்கம் நின்று வாதாடியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவரே கூண்டில் ஏறி, படைப்பின் நாள் 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்றுதான் சொன்னார். இன்று நம் முகாம்களில் பேசப்படும் கண்டிப்பான 24 மணி நேரக் கணக்கு பெரிதாகப் பரவியது 1961-ல் விட்கோம்ப், மோரிஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நோவா காலத்து ஜலப்பிரளயம் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகு. 2016-ல் கென்டக்கியில் நோவாவின் பேழையையே முழு அளவில் காட்சியாகக் கட்டித் திறந்ததும் அந்த வழி வந்தவர்கள்தான். அவர்கள் நாட்டுச் சண்டை அது. 2005-ல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர் வழக்கில், உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்று வாதிடும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்பது அறிவியல் அல்ல என்று தீர்ப்பானது. அதில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். பூசைக்குப் போகிறவர்.

ரோமாபுரியில் இருக்கும் கத்தோலிக்கத் தலைமையும் இதை எப்போதோ தாண்டிவிட்டது. 1950-ல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) இதை ஆராயத் தடையில்லை என்றார். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று எழுதினார். டார்வினை 1882-ல் அடக்கம் செய்ததே வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள்தான். பட்டாணிச் செடி வளர்த்து மரபியலுக்கு அடிப்படை போட்ட மெண்டல் ஒரு துறவி.

"கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் இந்த வியாதி" என்று யாராவது கீழே எழுதினால், 2018-ல் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் கொள்கை தவறு, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்று பேசியதை நினைவூட்டுகிறேன். மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட வேண்டியிருந்தது. இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொது மூதாதை இருந்தது, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளை பிரிந்தது என்பதுதான் பாடம்.

என் சக ஆசிரியர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. சிலர் இந்தப் பாடத்தை "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுகிறார்கள். சிலர் வகுப்பில் ஆதாம் ஏவாளைக் கேலி செய்து கைதட்டல் வாங்குகிறார்கள். கேலி கேட்ட பிள்ளை நேராக அந்த முகாம்காரரிடம்தான் போகும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலயத்தில் கோபுரத்தை உயர்த்த லட்சக்கணக்கில் வசூலித்தார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் உட்காருகிறார்கள். நல்ல பாடப்புத்தகம் வாங்கித் தாருங்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். பிறகு, இலவசமாகக் கிடைக்கிற வெளிநாட்டு வீடியோதான் பிள்ளைகளுக்குப் பாடமாகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்கு இருப்பதாகத்தான் படுகிறது.

மகனோடு உட்கார்ந்து ஆதியாகமம் முதல் இரண்டு அதிகாரங்களை வாசியுங்கள். சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது, அதற்கு முன் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று அவனே கேட்கட்டும். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன், இரண்டாவதில் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள். இதைப் பார்த்து ஆதிச் சபை பயப்படவில்லை. பெரிய இறையியலாளரான அகஸ்தீன் 5-ஆம் நூற்றாண்டிலேயே, இயற்கையைப் பற்றி விசுவாசி தெரியாததைப் பேசினால் வேதமே நகைப்புக்கு இடமாகும் என்று எச்சரித்திருக்கிறார். முடிந்தால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குக் கூட்டிப் போங்கள். 12 கோடி ஆண்டு பழைய மரம் கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அரியலூர்ப் பக்கச் சுண்ணாம்புப் பாறையில் கடல் சிப்பிகள். பார்த்துவிட்டு அவன் என்ன கேட்டாலும் அடக்காதீர்கள்.

பாடத்தில் லாமார்க்கையும் டார்வினையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். பெற்ற பண்புகள் மரபாகும் என்றவர் லாமார்க், இயற்கைத் தேர்வு டார்வின். முதலில் அதைத் தெளிவாகப் படிக்கச் சொல்லுங்கள். அமைப்பு ஒத்த உறுப்புகள், செயல் ஒத்த உறுப்புகள், எச்ச உறுப்புகள் மூன்றையும் படத்தோடு படிக்கட்டும். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேட்கட்டும், பதில் எழுதுகிறேன்.