கேள்வி – பதில்: காயம்பட்டோரைச் சுமந்த ரயில்கள்

கேள்வி: முதல் உலகப் போரில், பிரான்சில் காயமடைந்த வீரர்களை ஆம்புலன்ஸ் ரயில்களில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்களாமே? அவற்றில் என்ன வசதிகள் இருந்தன?
– வாசகர், விருதுநகர்

பதில்: தொடக்கத்தில் வசதி என்று சொல்ல எதுவுமே இல்லை. 1914-இல் போர் மூண்டபோது, ‘40 ஆட்கள், 8 குதிரைகள்’ என்று எழுதப்பட்ட பிரெஞ்சு சரக்குப் பெட்டிகள் போர்முனைக்குப் படைகளை ஏற்றிச் சென்றன. திரும்பும்போது அவற்றிலேயே வைக்கோலைப் பரப்பிக் காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள். எருவிட்ட வயல்மண் புண்ணில் படிந்து சதை அழுகத் தொடங்கிய நிலையில் அவர்கள் அப்படிக் குலுங்கிக் குலுங்கிப் போனதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பயணிகள் பெட்டிகளைக் கோத்து ரயில்கள் அமைத்த பின்னரும், பல பெட்டிகளுக்கிடையே உள்வழி இல்லாததால், செவிலியர்கள் வெளிப்புறப் படிப்பலகையில் கால்வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போக வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் ரயில்வே நிறுவனங்கள் இதற்கென்றே கட்டிய ரயில்கள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஏறத்தாழ 16 பெட்டிகள், மூன்றடுக்குப் படுக்கைகள், நடுப்படுக்கையை மடக்கினால் கீழ்ப்படுக்கையில் பலர் உட்காரலாம், மருந்தகமும் சமையலறையும் உடன் சென்றன.

ஆனால், வசதியைவிட முக்கியமானது ரயில் வேளைக்கு வந்து சேர்வதே என்பேன். போர்முனைக்குப் பின்னாலிருந்த சிகிச்சை முகாம்களைப் பெரும்பாலும் இருப்புப்பாதையை ஒட்டியே அமைத்திருந்தார்கள். அங்கிருந்து ரயில் ஆட்களை ஏற்றிச் சென்றால்தான் அடுத்து வருபவருக்குப் படுக்கை கிடைக்கும். வட பிரான்சில் சோம் ஆற்றுப் பகுதியில் நடந்த சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 19,240 பேர் மாண்டனர். படைத்தளபதி கேட்ட எண்ணிக்கையில் ரயில்கள் வராததால் முகாம்கள் நிரம்பி வழிந்தன; காயம்பட்டவர்கள் திறந்தவெளியில், புல்தரையில் காத்துக் கிடந்தார்கள். எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்ற ஆற்றாமை இதைப் படிக்கும்போதெல்லாம் எழுகிறது.

கேள்வி: இந்திய வீரர்களும் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆம். பிரான்சில் போரிட்ட இந்தியப் படையினரில் காயமடைந்த பலர், ரயிலில் துறைமுகத்துக்கும், கப்பலில் இங்கிலாந்துக்கும், மீண்டும் ரயிலில் பிரைட்டன் நகருக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே ராயல் பெவிலியன் அரண்மனை 1914 இறுதியில் இந்தியர்களுக்கான மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அவரவர் சமய, சாதி வழக்கங்களுக்கேற்ப 9 சமையலறைகளும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்களும் அங்கு இருந்தன.