கருவிழி மாற்று அறுவை முடிந்தும் பார்வை தெளியாதது ஏன்?

"முழுத்தடிமன் கருவிழி மாற்று அறுவை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பொருத்திய கருவிழி தெளிவாக இருக்கிறது என்கிறார் டாக்டர். எனக்கோ எழுத்துகள் நிழலோடு இரட்டையாகத் தெரிகின்றன. அறுவை தோற்றுவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே மனக்கலக்கத்தோடு நானும் நாள்களை ஓட்டியிருக்கிறேன். கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் கெரட்டோகோனஸ் முற்றி, என் இடது கண்ணுக்கும் முழுத்தடிமன் மாற்று, அதாவது கருவிழியின் (கார்னியா) எல்லா அடுக்குகளையும் மாற்றும் அறுவை, நடந்தது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தோல்வி என்று நினைக்கக் காரணமே இல்லை. கருவிழி தெளிவாக இருப்பது வேறு, பார்வை தெளிவாக இருப்பது வேறு. முதலாவதை டாக்டர் விளக்கொளியில் பார்த்தே சொல்லிவிடுவார். இரண்டாவதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கருவிழியின் வளைவுக்கு உண்டு. நான்காம் மாதத்தில் அந்த வளைவு இன்னும் தையல்களின் பிடியில்தான் இருக்கிறது.

கண்ணின் மொத்த ஒளிவிலகல் திறன், அதாவது ஒளியை வளைத்துக் குவிக்கும் திறன், சுமார் 60 டயாப்டர் (அந்தத் திறனை அளக்கும் அலகு). அதில் ஏறக்குறைய 43 கருவிழியின் பங்கு. நடுவில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன் கொண்ட படலம் இத்தனை வேலையைச் செய்கிறது. அதில் சிறு கோணல் விழுந்தாலும் எழுத்து சிதறிவிடும். முழுத்தடிமன் மாற்றில் ஏழெட்டு மில்லிமீட்டர் அகல வட்டமாகப் பழைய கருவிழியை எடுத்துவிட்டு, தானமாக வந்ததை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் சுற்றிலும் தைக்கிறார்கள். பலருக்கு 16 தனித்தனித் தையல்கள். சிலருக்கு ஒரே இழையைச் சுற்றி ஓட்டியிருப்பார்கள். மத்தளத்தின் வார்களில் ஒன்றிரண்டை மட்டும் கூடுதலாக இறுக்கினால் தோலின் இழுப்பு பிசகிவிடும் அல்லவா? அப்படித்தான் இதுவும். தையல் இறுகிய திசையில் நடுக் கருவிழியின் வளைவு கூடிவிடுகிறது. அதற்குக் குறுக்கே குறைகிறது. ஒளி ஓரிடத்தில் குவியாமல் போகிறது. கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதும் எண் இதைத்தான் குறிக்கிறது.

பிறகு ஏன் உடனே தையலைப் பிரிக்கக்கூடாது? கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது. இருந்தால் ஒளி தடைபடும். அதே காரணத்தால் அங்கே காயம் மிக மெதுவாக ஆறுகிறது. தோலில் போட்ட தையலை ஒன்றிரண்டு வாரங்களில் பிரித்துவிடலாம். கருவிழியில் ஓராண்டோ அதற்கு மேலோ விட்டுவைப்பதும் வழக்கம்தான்.

இடையில் செய்யக்கூடியது, வளைவைக் கெடுக்கும் தையலை மட்டும் தேடி எடுப்பது. தனித்தனித் தையல் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு இதைத் தொடங்குவார்கள். அதற்கு வழிகாட்டுவது டோப்போகிராபி. ஒளிரும் வளையங்களுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டால், கருவிழியில் விழும் அவற்றின் பிரதிபலிப்பைக் கணினி வரைபடமாக்கிவிடும். என் கண்ணில் விழுந்த வளையங்களை டாக்டர் திரையில் காட்டினார். வட்டமாக இல்லை; ஒரு திசையில் நெருங்கியும் மறு திசையில் விலகியும் முட்டை வடிவில் கிடந்தன. வரைபடத்தில் வளைவு கூடிய இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். சிவப்புப் பட்டை ஒன்று சாய்வாகக் குறுக்கே ஓடியது. அதன் நுனியில் பேனாவை வைத்து, "இந்தத் தையலை எடுத்துவிடலாம்" என்றார்.

எடுப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கி முன் உட்கார வைத்து, ஊசிமுனையால் இழையை அறுத்து, இடுக்கியால் இழுத்தார். எனக்குத் தெரிந்தது மெல்லிய ஓர் இழுப்பு மட்டுமே. ஆனால் அன்றே முடிவு தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வளைவு அடங்கச் சில வாரங்கள் ஆகும். சில சமயம் வேறு திசையில் சிலிண்டர் கிளம்பி, இன்னொரு தையலை எடுக்க வேண்டி வரும். விலை உயர்ந்த கண்ணாடிக்கு இப்போதே அவசரப்படாமல் இருப்பது நல்லது.

எல்லாத் தையல்களும் போன பிறகும் ஓரளவு கோணல் மிஞ்சுவது சகஜம். அது சீரானதாக இருந்தால் கண்ணாடியே போதும். ஒழுங்கற்றதாக இருந்தால் கண்ணாடி கைகொடுக்காது. கெட்டியான காண்டாக்ட் லென்ஸோ, வெள்ளை விழியின் மேல் உட்காரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸோ வேண்டும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே திரவம் நிரம்பி மேடுபள்ளங்களைச் சரிக்கட்டிவிடும். எழுத்துப் பலகையின் கடைசி வரிகளை எனக்கு வாசிக்கக் கொடுத்தது அந்த லென்ஸ்தான். அதுவும் ஒத்துவராதவர்களுக்குத் கருவிழியின் இறுக்கத்தைத் தளர்த்தும் கீறல், லேசர் போன்ற வழிகள் இருக்கின்றன.

யாராவது "எனக்குத் தெரிந்தவருக்குச் சில வாரங்களிலேயே பார்வை வந்துவிட்டது" என்று சொன்னால் மனம் தளர வேண்டாம். அவருக்கு அநேகமாக டிமெக் அல்லது டிசேக் நடந்திருக்கும். அவற்றில் கருவிழியின் உட்புற மெல்லிய அடுக்கை மட்டும் மாற்றி, காற்று அல்லது வாயுக் குமிழியால் அழுத்தி ஒட்டவைப்பார்கள். முன்பக்க வளைவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். நோய் உள்ளடுக்கில் இருப்பவர்களுக்கே அது பொருந்தும். நம்மைப் போன்றவர்களின் கணக்கு வேறு.

பொறுமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறேன். கண் சிவத்தல், வெளிச்சம் பார்த்தால் கூசுதல், இருந்த பார்வையும் குறைதல், வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். உடல் புதிய கருவிழியை ஏற்க மறுப்பதன் அடையாளமாக இருக்கலாம். நேரத்தோடு போனால் பல சமயம் மருந்தாலேயே அடக்கிவிடலாம். மணல் விழுந்தது போல உறுத்தினால் தையல் தளர்ந்திருக்கக்கூடும். தொற்றுக்கு அது வாசல். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைப் போடும் காலமெல்லாம் கண் அழுத்தத்தையும் பார்த்துவர வேண்டும். கண்ணைக் கசக்கவே கூடாது.

அடுத்த முறை போகும்போது, சின்னத் துளை உள்ள மறைப்பான் வழியாக எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லும்படி கேளுங்கள். துளை வழியே இரண்டு மூன்று வரிகள் கூடுதலாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் வளைவில்தான் இருக்கிறது. தெரியாவிட்டால் விழித்திரை, கண்புரை பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். டோப்போகிராபி படத்தின் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எந்தத் தையலை எப்போது எடுக்க நினைக்கிறார் என்று அந்தப் படத்தை வைத்தே கேளுங்கள்.