தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வீடு மாறுகிறோம், எதிலிருந்து தொடங்குவது?

"இன்னும் பத்து நாளில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வாடகை வீடு மாறுகிறோம். இரண்டு பெட்ரூம் சாமான், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். எதை முதலில் பேக் செய்வது, என்னென்ன தயார் பண்ண வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அட்டைப்பெட்டியும் டேப்பும் கடைசி ஐந்து நாள் வேலை. முதல் இரண்டு நாளைப் புது வீட்டுத் தண்ணீருக்குக் கொடுங்கள். சாமான் ஏற்றி இறக்குவதையே தொழிலாக வைத்திருப்பவன் தண்ணீரைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று தோன்றும். உடைந்த கண்ணாடியை மறுநாள் மாற்றிவிடலாம். பிள்ளைகளின் பல்லை மாற்ற முடியாது.

"தண்ணிப் பிரச்சினையே இல்லைங்க" என்று ஓனரோ புரோக்கரோ சொன்னால், போர்வெல்லில் தண்ணீர் நிறைய வருகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கலாமா என்பது வேறு கேள்வி, அதை நீங்களாகத்தான் கேட்க வேண்டும். நம் இரண்டு மாவட்டத்திலும் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் பல இடங்களில் அளவுக்கு மேல் இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததும், 2013-ல் அது நடைமுறைக்கு வந்ததும் இதற்காகத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டிய தண்ணீரை எட்டு வயதுக்குள் தொடர்ந்து குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். முளைக்கும் முன்பே ஈறுக்குள் நடக்கிற சேதம் அது. எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஒகேனக்கல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதா, தெருக்குழாயில் பிடிக்க வேண்டுமா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு? எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்தத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுகிறதா? பல வீடுகளில் இரண்டும் ஒரே தொட்டியில் கலந்துதான் மாடிக்கு ஏறுகிறது. அப்படியானால் "நல்ல தண்ணி கனெக்‌ஷன் இருக்கு" என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. பதிலை ஓனரிடம் மட்டும் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகம் இருக்கிறது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிப் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும், அளவு சரியாக வராது.

"இப்போ யார் சார் போர் தண்ணி குடிக்கிறாங்க, எல்லாரும் கேன்தானே" என்று கீழே கமெண்டில் யாராவது எழுதுவார்கள். குடிப்பதற்குக் கேன் சரி. சோறு வடிப்பதும், பருப்பு வேக வைப்பதும், களி கிண்டுவதும் எந்தத் தண்ணீரில்? காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கேண்டில் ஃபில்டராலும் யுவி ஃபில்டராலும் அதை எடுக்க முடியாது, ஆர்ஓ எடுக்கும். அதனால் ஆர்ஓ மாட்ட அடுப்படியில் பிளக் பாயிண்டும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் பார்க்கப் போகும் அதே நடையில் அளக்கும் டேப் ஒன்றை எடுத்துப் போய்ப் படிக்கட்டின் அகலம், திருப்பத்தில் இருக்கும் இடம், வாசல் நிலையின் உள் அகலம், ஃபிரிட்ஜ் வைக்கும் மூலை, கட்டில் போடும் சுவர் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறுக்கு ஐந்து கட்டிலின் தலைப்பலகை படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டால் மாடிக் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்குக் கூலி தனி. மீட்டரையும் பாருங்கள். உங்கள் வீட்டுக்கென்று தனி மின் இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு நேராகக் கிடைக்கும். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. சாவி வாங்கும் அன்று மீட்டர் எண்ணைத் தேதி தெரிய போட்டோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள்.

பத்தாவது நாள் வரை தள்ளிப்போடாமல் முன்பே தொடங்க வேண்டியது கேஸ். வேறு ஊர் ஏஜென்சிக்குப் போவதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டெர்மினேஷன் வவுச்சர் (பழைய இணைப்பை முடித்ததற்கான சீட்டு) எடுக்க வேண்டும். டெபாசிட் கட்டியபோது கொடுத்த எஸ்.வி. தாளைத் தேடி வையுங்கள், பெரும்பாலும் பத்திரக் கவரில் அடியில் கிடக்கும். அந்த வவுச்சரைக் காட்டிக் கிருஷ்ணகிரியில் இணைப்பு எடுக்கும்போது இன்றைய டெபாசிட் விலைதான், பழைய தொகைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கைக்காசு. சிலிண்டரில் மீதி இருக்கும் கேஸுக்குப் பணம் வராது, தீரும் தருவாயில் கொடுப்பது லாபம். நடுவில் சில நாள் கேஸ் இருக்காது, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு கையில் இருக்கட்டும். ரேஷனுக்கு இந்த அவசரம் இல்லை. 2020 முதல் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம், முகவரியை ஆன்லைனில் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி பேக்கிங். மளிகைக்கடையில் கேட்டால் பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி தருவார்கள். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு முப்பது பெட்டியாவது வேண்டும். சோப்புப் பெட்டியில் துணி மட்டும், சமையல் சாமான் வைத்தால் வாசனை ஏறும். கேழ்வரகு மாவு அந்த வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும், களியில் தெரியும். எந்தப் பெட்டியும் பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. புத்தகம் சின்னப் பெட்டியில், தலையணை பெரிய பெட்டியில். அடியில் நடு இணைப்பில் ஒரு டேப், இரண்டு ஓரத்திலும் குறுக்கே ஒவ்வொன்று ஒட்டுங்கள். அடி பிளந்துகொள்வது பெரும்பாலும் அந்த ஓர டேப் இல்லாததால்தான். பெயரைப் பக்கவாட்டில் எழுதுங்கள். மேலே எழுதினால் அடுக்கியதும் மறைந்துவிடும்.

முதலில் பரண், பிறகு புத்தகம், கொலு பொம்மை, விசேஷத்துக்கு எடுக்கும் பாத்திரம், வெளியில் எடுக்காத துணி. அடுப்படி கடைசிக்கு முதல் நாள். பீங்கான் தட்டைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிற்க வைத்து இடையில் பழைய லுங்கி, துண்டு செருகுங்கள். படுக்க வைத்தால் மேலிருக்கும் பாரம் முழுக்க அடித்தட்டின் நடுவில் இறங்கும். மாங்காய் ஊறுகாய் ஜாடி விளிம்பு வரை இருந்தால் நாலு விரற்கடை எடுத்து வேறு பாட்டிலில் போடுங்கள். வாயில் பிளாஸ்டிக் தாள், மேலே துணி, சணலால் இறுக்கிக் கட்டி ஒரு வாளிக்குள் துண்டு சுற்றி வைத்து டிரைவர் கேபினில் காலடியில் கொண்டுபோங்கள். வேகத்தடையில் எண்ணெய் ததும்பி மூடிக்குக் கீழே வழியும், பக்கத்திலிருக்கும் துணியில் பட்டால் போகாது. டிரம்மில் இருக்கும் அரிசியைச் சாக்குக்கு மாற்றிவிடுங்கள். கிரைண்டர் குழவிகளை அச்சோடு கழற்றித் தனியே சாக்கில் சுற்றி வண்டியின் அடித்தட்டில் வையுங்கள். உள்ளேயே விட்டால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் கல்லும் கல்லும் மோதி விளிம்பு உதிரும், பிறகு மாவில் மணல் தட்டும்.

ஃபிரிட்ஜை ஒரு நாள் முன்பே நிறுத்தி, பனி கரையவிட்டு, பின்னால் கம்ப்ரசர் மேலிருக்கும் தட்டில் தேங்கிய தண்ணீரை எடுத்துவிடுங்கள். மறந்தால் அந்த நாற்றத் தண்ணீர் லோடுமேன் முதுகில்தான் கொட்டும். கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுங்கள். ஃபிரிட்ஜை நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கட்டாயத்தால் படுக்க வைத்தால் கம்ப்ரசர் ஆயில் கேஸ் குழாய்க்குள் ஓடியிருக்கும், இறக்கி நிமிர்த்தி ஒரு நாள் முழுக்க விட்டுத்தான் பிளக் போட வேண்டும். நின்றபடியே வந்திருந்தாலும் ஐந்தாறு மணி நேரம் பொறுங்கள்.

ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷினாக இருந்தால், வாங்கியபோது பின்னாலிருந்து கழற்றிய நீள போல்ட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி முடுக்குங்கள். அவை இல்லாமல் ஏற்றினால் டிரம் ஆடி ஆடி ஷாக் அப்சார்பர் போய்விடும், முதல் ஸ்பின்னிலேயே மெஷின் அறை முழுக்க நடக்கும். புது வீட்டில் ஓட்டும் முன் அவற்றைக் கழற்ற மறக்கக் கூடாது. டிவியைப் படுக்க வைக்கவே வேண்டாம், திரை மெத்தையைப் பார்க்க நிற்க வையுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிதான் ஆபத்தான சாமான். 150 ஏஎச் டியூபுலர் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், உள்ளே ஆசிட். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, கருப்பு வயரை முதலில், சிவப்பைப் பிறகு கழற்றுங்கள், மாட்டும்போது சிவப்பு முதலில். முனைகள் இரண்டிலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இரண்டு ஆள் தூக்க வேண்டும், சாய்க்கவே கூடாது, பக்கத்தில் துணி மூட்டை வைக்கக் கூடாது. ஆசிட் சிந்தினால் சமையல் சோடாவைக் கொட்டிப் பிறகு கழுவுங்கள்.

வண்டி. டாட்டா ஏஸ் தட்டு ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், முக்கால் டன் பாரம். உங்கள் சாமான் ஒரே நடையில் அடங்காது. கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர் இரண்டு நடை போனால் இரண்டு வாடகையும் லோடுமேனுக்கு இரட்டை நேரமும் ஆகும். பதினாலடி வண்டி ஒன்றாகப் பேசுவது மலிவு. வாடகையைப் பேசும்போதே ஏற்றுகூலி, இறக்குகூலி, எத்தனையாவது மாடி என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். தகராறு வருவதெல்லாம் இறக்கும் இடத்தில்தான். ஆடியும் மார்கழியும் கழிந்து முதல் முகூர்த்த நாளில் எல்லோரும் வண்டி கேட்பார்கள். அந்த நாளில் சாமி படம், உப்பு, மஞ்சள், நிறைகுடம், பால் காய்ச்சப் புதுப் பாத்திரம் மட்டும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டு, சாமானை இரண்டு நாள் கழித்துச் சாதாரண நாளில் ஏற்றினால் வண்டியும் ஆளும் நிதானமாகக் கிடைக்கும். சாஸ்திரத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பால் காய்ச்சும் நாள்தான் குடிபுகுந்த நாள். ஐப்பசி, கார்த்திகை என்றால் வானம் வெளுத்திருந்தாலும் தார்ப்பாய் இல்லாத வண்டியில் ஏற்றாதீர்கள்.

ஒரு பையும் ஒரு வாளியும் மட்டும் வண்டியில் ஏறக் கூடாது, உங்களோடு வர வேண்டும். பையில் பத்திரம், ஆதார், பள்ளி டிசி, நகை, மருந்து, போன் சார்ஜர், ஆளுக்கு ஒரு செட் துணி. வாளியில் துடைப்பம், கத்தி, டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், டெஃப்லான் டேப், எல்இடி பல்பு இரண்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டார்ச், தீப்பெட்டி, கொசுவர்த்தி, நாலு டம்ளர், காபித்தூள், சர்க்கரை, புதுப் பூட்டு. இருபது லிட்டர் கேன் ஒன்றை முதல் நாளே அங்கே இறக்கிவிடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு பொறுக்கவில்லை. பழைய வீட்டு அட்வான்ஸ். ஐந்து வருஷம் குடியிருந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்குப் பெயின்ட் கூலி என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. கேட்டால் "எல்லாரும் இப்படித்தாங்க" என்கிறார்கள். 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, மீதியைத் திருப்பித் தரவும் வேண்டும். எல்லா ஓனரும் அப்படி என்று சொல்லவில்லை, கையோடு எண்ணிக் கொடுத்து வழியனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் சாமான் ஏறியதும் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். குழாய், ஸ்விட்ச், கதவுத் தாழ்ப்பாள், மீட்டர் எண் எல்லாம் தெரிய வேண்டும். சாவியைக் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

இறக்கும்போது பீரோ முதலில் உள்ளே போக வேண்டும், மற்றவை வந்துவிட்டால் திருப்ப இடம் இருக்காது. துணியெல்லாம் எடுத்துக் காலியாகத்தான் கொண்டுவந்திருப்பீர்கள். நிறுத்தியதும் கதவு சேரவில்லை, சாவி திரும்பவில்லை என்றால் பூட்டுக்காரரைக் கூப்பிடாதீர்கள். தரை மட்டமில்லாததால் பீரோவின் ஃபிரேம் நூலளவு கோணியிருக்கும். இரண்டு கதவின் மேல் விளிம்பைப் பாருங்கள், எது இறங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்து முன்காலுக்கு அடியில் பிஸ்கட் பெட்டி அட்டையை இரண்டாக மடித்துச் செருகுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு மடிப்பு. சாவி தானாகத் திரும்பும்.