உடம்புக்கு ஒண்ணுமே இல்ல, அப்புறம் எதுக்கு டாக்டர் செக்கப்?

கேள்வி: எனக்கு 46 வயசு. தலைவலி, மயக்கம்னு எதுவும் இல்ல. வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர் பிபி பாத்துட்டு 148/94 இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டுட்டே இருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரில ஒரு ஃபுல் செக்கப் எடுத்துட்டா போதாதா?

பதில்: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போங்க. பிபி கூடினா தலைவலி வரும்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, பெரும்பாலும் எதுவும் தெரியாதுங்க, நல்லாத்தான இருக்கோம்னு நாம இருக்கும்போதே இதயம், கிட்னி, மூளை ரத்தக்குழாய் எல்லாத்தையும் பாதிச்சிடும். அதனாலதான் நோயாளி வரட்டும்னு காத்திருக்காம மக்கள் இருக்குற இடத்துக்கே மருத்துவம் போகணும்னு 1978ல அல்மா ஆட்டாங்குற ஊர்ல நடந்த உலக சுகாதார மாநாட்டுலயே சொன்னாங்க, உங்க வீட்டுக்கு வந்தவங்க செய்யுறது அந்த வேலையத்தான்.

அதுக்காக ஒரு ரீடிங்க வச்சு உங்களுக்கு பிபின்னு முத்திரை குத்த மாட்டாங்க. வேற வேற நாள்ல பாத்து, மேல 140 இல்லன்னா கீழ 90, அதத் தாண்டியே நின்னாதான் முடிவு பண்ணுவாங்க. போனதும் அவசரமா கைய நீட்டாதீங்க. யூரின் போயிட்டு வந்து 5 நிமிஷம் சும்மா உக்காருங்க, முதுகு சாஞ்சிருக்கணும், கால் ரெண்டும் தரையில, கால் மேல கால் வேணாம், கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், அந்த நேரத்துல பேசவும் கூடாது, பேசினாலே நம்பர் ஏறும்.

ஃபுல் செக்கப் தப்புன்னு சொல்லல. ஆனா அந்த ஃபைல அப்புறம் யாரு பாக்குறா சொல்லுங்க? ஹெச்பிஏ1சி, அதாவது கடைசி மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்தப் பரிசோதனை, 6.1னு வந்திருக்கும், அது சுகருக்கு முந்தின கட்டம், அதோட ஃபைல் பீரோவுக்குள்ள போயிடும். இந்தக் கட்டத்துல இருக்குறவங்கள வச்சு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2002ல வெளியிட்டாங்க, எடைய 7 சதவீதம் குறைக்கணும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கணும், இதுதான் இலக்கு. இப்படி செஞ்சவங்களுக்கு சுகர் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது, மெட்ஃபார்மின்ங்குற சுகர் மாத்திரை கொடுத்தவங்களுக்கு 31 சதவீதம்தான். நடங்கன்னு சொல்லி அனுப்பினதோட விடல, ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு ஆள் தொடர்ந்து பேசிட்டே இருந்தாங்க, என்ன கேட்டா பலன் அங்கதான் இருக்கு. பக்கத்துலயே உங்கள தெரிஞ்ச டாக்டரும் நர்ஸும் இருந்தா, நீங்க வராம போனாலும் ஏன் வரலன்னு கேக்க ஆள் இருக்கும்.

வீட்ல 30 வயசு தாண்டின பெண்கள் இருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு ஸ்கிரீனிங் இருக்கான்னு கேளுங்க. இதுக்குக் காரணமான ஹெச்பிவிங்குற வைரஸ் தொத்தி அது புற்றுநோயா மாற பொதுவா 15, 20 வருஷம் ஆகும், நடுவுல கண்டுபிடிச்சா வராமலே தடுத்துடலாம். வாய்ப்ப விடாதீங்க.

பிபி 180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் பலமில்லாம போறது, பேச்சு குழறுறது இதுல ஏதாவது இருந்தா மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போகாதீங்க, நேரா எமர்ஜென்சி. மத்தபடி போகும்போது நீங்க எடுத்துக்குற மாத்திரை எல்லாத்தையும் கையோட கொண்டு போங்க, வலி மாத்திரையும் சேத்து, அதுல சிலது பிபிய ஏத்தும்.