பிரபலமான குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைக் கடிதங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?

முதலில் எதிலும் கை வைக்காதீர்கள். தேதிவாரியாக அடுக்குவது, குப்பை என்று ஒதுக்குவது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கட்டும் இருக்கிற நிலையிலேயே ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

இப்படி ஒரு குடும்பத்தின் காகிதங்களை ஒழுங்குபடுத்த இரண்டு வருடம் உதவியிருக்கிறேன். அந்த வீட்டுப் பாட்டி, யார் எழுதியது என்று பார்த்துத் தனித்தனிக் கட்டாக நாடா கட்டி வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு யாரோ நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்து, தாள்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, உறைகளைத் தபால்தலை சேர்க்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். கடிதங்களில் பாதி ‘வியாழன், இரவு’ என்றுதான் தொடங்கும். எந்த வருடத்து வியாழன்? அது உறைமேல் இருந்த தபால் முத்திரைக்குத்தான் தெரியும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி அமெரிக்காவின் ஆடம்ஸ் குடும்பம், இரண்டு ஜனாதிபதிகளைத் தந்த குடும்பம். தன் கடிதங்களை எரித்துவிடச் சொன்ன மனைவி அபிகேலுக்கு ஜான் ஆடம்ஸ் 1776இல் எழுதிய பதில்: எரிக்க வேண்டுமானால் முதலில் உன்னை மறக்க வேண்டுமே! அதே வருடம் ஒரு வெற்று நோட்டு வாங்கி, தான் அனுப்பும் கடிதங்களுக்கும் நகல் எழுதிவைக்கத் தொடங்கினார். அவர்கள் இருவரும் எழுதிக்கொண்டதில் 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று இருக்கின்றன. மகன் ஜான் குவின்சியின் நாட்குறிப்பு மட்டுமே 51 தொகுதிகள். தீப்பிடிக்காத நூலகம் வேண்டும் என்று அவர் உயிலில் கேட்டதற்காக, அவருடைய மகன் 1870இல் வீட்டை ஒட்டாமல் தனியாக ஒரு கல் கட்டடம் எழுப்பினார். அப்புறம் வந்த வாரிசுகள் 1905இல் அறக்கட்டளை அமைத்து, 1956இல் எல்லாவற்றையும் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள்.

அவர்கள் செய்ததில் பெரிய விஷயம், பங்கு போடாதது. கடிதங்களை நகை மாதிரிப் பிரித்தால் கேள்வி ஒரு வீட்டுக்கும் பதில் இன்னொரு வீட்டுக்கும் போய்விடும். வெளியே தெரிந்தால் சங்கடம் தரும் கடிதம் இருந்தால் தயவுசெய்து எரிக்காதீர்கள். இத்தனை வருடம் யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதி மூடிவைக்கலாம், ஆவணக் காப்பகங்கள் இதற்கு ஒத்துக்கொள்ளும்.

மற்றவை எளிது. துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுக்காமல், மெதுவாக நெகிழ்த்தி எடுங்கள். செலோ டேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. செய்தித்தாள் நறுக்குகளைத் தனியாக வையுங்கள், அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கிவிடும். அமிலமில்லாத உறை, வெயிலும் ஈரமும் படாத அறை போதும். ஸ்கேன் எடுங்கள், ஆனால் எடுத்த பிறகும் மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. கடிதங்களில் ‘பெரியவர்’, ‘குட்டி’ என்றெல்லாம் வரும். அது யார் யார் என்று தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, இந்த வாரமே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.