இடம் மாற்றிய மாமரமும் சித்திரை வெயிலும்

கேள்வி: மூன்றாண்டுகளாக வளர்ந்த ஒட்டு மாமரத்தை, சுற்றுச்சுவர் கட்டுவதற்காகப் பங்குனி மாதம் தாய்மண்ணோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டோம். நாளும் மூன்று வேளை தண்ணீர் ஊற்றியும் இலைகள் கருகுகின்றன. யூரியா வைக்கலாமா? மரம் பிழைக்குமா?
– வாசகர், பணகுடி

பதில்: யூரியா வேண்டாம், மூன்று வேளைத் தண்ணீரும் வேண்டாம்.

எவ்வளவு மண்ணோடு பெயர்த்தாலும், நீரை உறிஞ்சும் நுனிவேர்களில் பெரும்பகுதி பழைய குழியிலேயே அறுந்து நின்றுவிடும். எஞ்சிய வேர்களால் அத்தனை இலைகளுக்கும் ஈடுகொடுக்க இயலாததால், தூரில் ஈரம் இருக்கும்போதே மேலே இலை கருகுகிறது. அதைத் தாகம் என்று கருதி மேலும் ஊற்றினால், குழிக்குள் காற்றோட்டம் அற்று, இருக்கும் வேரும் அழுகிவிடும். ஆகவே, இலைகள் செலவழிக்கும் நீரைக் குறைப்பதுதான் முதல் வேலை.

முதலில் கருகிய இலையொன்றை விரலால் தட்டிப் பாருங்கள். தட்டியதும் காம்போடு உதிர்ந்தால் அந்தக் கிளையில் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. காய்ந்த பின்னும் கிளையை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஐயமே. அங்கே பட்டையை நகத்தால் கீறிப் பார்த்து, பச்சை தெரியும் இடம்வரை பட்ட கிளையை வெட்டிவிடுங்கள். எஞ்சிய இலைகளிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கலாம். பூவோ பிஞ்சோ இருந்தால் (மனம் வராதுதான்) கிள்ளி எறிந்துவிடுங்கள்.

சித்திரையில் நம் பக்கத்தில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேராக நிற்பதால், பக்கவாட்டில் மட்டும் தட்டி கட்டுவது போதாது. நான்கு கம்பு நட்டு, மேலேயும் மேற்குப் புறத்திலும் பனையோலையோ தென்னங்கிடுகோ பரப்புங்கள். கவாத்து செய்ததால் வெயில் படும் அடிமரத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசுங்கள். சித்திரை 21 அன்று கத்திரி தொடங்குமுன் இவை முடிந்திருக்க வேண்டும்.

தூரைச் சுற்றி அகலமாக வட்டப்பாத்தி கட்டி, நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு மூடாக்கு இடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி வேண்டும். இல்லையேல் செம்மண்ணில் கறையான் ஏறிவிடும். மூடாக்கை விலக்கி விரலை ஆழமாக நுழைத்து, ஈரம் தட்டாத நாளில் மட்டும், மாலையில், பாத்தி நிறைய நீர் விடுங்கள். செம்மண்ணில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும்.

ஆனியில் உங்கள் ஊரில் அடிக்கும் மேல்காற்று மரத்தை அசைத்தால் புதிய வேர் மீண்டும் அறுந்துபோகும். அதற்கு முன்பே இரு புறமும் கம்பு நட்டு, பழைய துணியால் தளர்வாகக் கட்டிவையுங்கள்.

தளிர் கண்டதும் பந்தலைப் பிரித்துவிடாதீர்கள். முதல் தளிர் தண்டின் சேமிப்பிலிருந்தும் வரக்கூடும். ஒட்டுக்குக் கீழே வந்தால் அதையும் கிள்ளிவிட வேண்டும். ஒட்டுக்கு மேலே துளிர்த்த இலை முற்றி, அடுத்த கொழுந்தும் வந்தால் வேர் பிடித்துவிட்டதென்று நம்பலாம். உரத்தைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.