உதவித்தொகைக் கடிதம் வருவதற்கு முன்னும் பின்னும்: கேள்வி பதில்

அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான உதவித்தொகை பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். நான் வேதியியல் கற்பிப்பவள். தேர்வுக் குழுக்களில் அமர்ந்து விண்ணப்பங்களைப் படிப்பவள். அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. இயற்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். இளங்கலையில் முதல் இரண்டு பருவங்களில் மதிப்பெண் மிகக் குறைவு, பிறகு ஏறிவிட்டது. என் விண்ணப்பத்தைப் பார்த்தவுடனே ஒதுக்கிவிடுவார்களா?

பதில்: குறைந்தபட்ச மதிப்பெண் என்று வரம்பு இருந்தால் அதைத் தாண்டியாக வேண்டும், அதில் குழுவாலும் ஒன்றும் செய்ய முடியாது. தாண்டிவிட்டால், மதிப்பெண் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதைத்தான் பார்ப்போம். சரிந்து எழுந்திருக்கிறீர்கள். என்ன நடந்தது என்பதை இரண்டே வரியில் எழுதுங்கள், உருக்கம் வேண்டாம்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தபோது, கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். அதே ராமானுஜனுக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. இதைப் படித்துவிட்டு மற்ற பாடங்களைக் கைவிட்டுவிடாதீர்கள். அந்த இரண்டாவது உதவித்தொகை தானாக வரவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர், அன்றைய இந்திய வானிலைத் துறைத் தலைவர், பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதினார். கையில் காட்டுவதற்கு வேலை இருந்தது. அதைப் புரிந்துகொண்டு பேச ஆளும் இருந்தது. உங்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும்.

கேள்வி: ஏன் இந்தப் படிப்பு, என்ன செய்யப் போகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பதில்: எடுத்துவிடுங்கள். ஒரே மாலையில் கட்டுக்கட்டாகப் படிக்கும்போது பாதி விண்ணப்பங்கள் இந்த வரியோடுதான் தொடங்குகின்றன. உங்கள் ஆர்வம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வரி உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டவில்லை.

ஒரு மாதிரி காட்டுகிறேன். நீரில் உள்ள ஃப்ளூரைடைப் பிரித்தெடுக்கும் பொருளை உருவாக்க விரும்பும் மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "குடிநீர்ப் பிரச்சினை உலகை அச்சுறுத்துகிறது. இதற்குத் தீர்வு காண்பதே என் லட்சியம்." இதில் தவறு ஏதுமில்லை, பயனும் இல்லை. அவரே இப்படி எழுதினால்? "எங்கள் ஆய்வகத்தில் தயாரித்த அலுமினா துகள், காய்ச்சி வடித்த தூய நீரில் கரைத்த ஃப்ளூரைடை நன்றாகப் பிடித்தது. கிணற்று நீரில் சோதித்தபோது திறன் குறைந்துவிட்டது. நீரில் உள்ள பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும், துகளின் மேல் ஃப்ளூரைடு ஒட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன என்று சந்தேகிக்கிறேன். இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் என் முதல் ஆறு மாத வேலை."

படித்து முடித்ததும் எனக்கு அவரைத் தெரிந்துவிடுகிறது. என்ன செய்தார், எங்கே முட்டிக்கொண்டார், ஏன் என்று நினைக்கிறார், அடுத்து எதைத் தொடுவார், எல்லாமே அதில் இருக்கின்றன. அவருடைய சந்தேகம் பொய்த்துப் போனாலும் பரவாயில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய சந்தேகம் ஒன்று அவரிடம் இருக்கிறது, உதவித்தொகை அதற்குத்தான். இளங்கலைத் திட்டப்பணியோ கோடைப் பயிற்சியோ எதுவாக இருந்தாலும், உங்கள் கை பட்ட வேலையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எழுதித் தர செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்தலாமா?

பதில்: சில திட்டங்கள் தடை செய்திருக்கின்றன, விதியை முதலில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் பிழை திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் அறிக்கையின் மூன்றாவது பத்தியைக் காட்டி "இதை விளக்குங்கள்" என்று கேட்பது என் வழக்கம். தான் எழுதாததை யாராலும் அங்கே விளக்கிவிட முடியாது.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் துறைத் தலைவரிடம் வாங்குவதா, என் திட்டப்பணியைப் பார்த்துக்கொண்ட உதவிப் பேராசிரியரிடமா? துறைத் தலைவருக்கு என் பெயர்கூடத் தெரியாது.

பதில்: உதவிப் பேராசிரியரிடம். பெயரே தெரியாதவர் "ஒழுக்கமான, உழைப்பாளியான மாணவர்" என்று நான்கு வரி எழுதுவார். கூட இருந்து பார்த்தவர், கருவி பழுதானபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுவார். கடைசி நாளுக்கு முந்தைய இரவு போய் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். உங்கள் அறிக்கையையும் செய்த வேலைகளின் சுருக்கத்தையும் கையில் கொடுங்கள்.

கேள்வி: ஐயமாக இருக்கிறது அம்மா. காத்திருப்போர் பட்டியலில் இரண்டாம் இடம் என்று கடிதம் வந்திருக்கிறது. இது மறைமுகமான மறுப்புதானே?

பதில்: இல்லவே இல்லை. பல இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒன்றை ஏற்று மற்றதை விடுவார்கள், இடம் காலியாகும். இங்கிலாந்தில் 1851ஆம் ஆண்டுக் கண்காட்சியின் லாபத்திலிருந்து உருவான நிதி, 1891 முதல் அறிவியல் ஆய்வுக்கு உதவித்தொகை வழங்கி வந்தது. நியூசிலாந்திலிருந்து ஒருவருக்குத்தான் இடம். முதலில் தேர்வானவர் மக்லாரின் என்ற வேதியியலாளர். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட, அடுத்திருந்தவருக்குக் கிடைத்தது. 1895இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த அந்த இரண்டாமவர்தான் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. 1911இல் அணுக்கருவைக் கண்டு சொன்னவர்.

நீங்கள் செய்ய வேண்டியது: இன்னும் விருப்பமாக இருக்கிறேன் என்று இன்றே பதில் எழுதுங்கள். விண்ணப்பித்த பிறகு புதிதாக ஏதேனும் முடித்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே வேறு வழிகளையும் திறந்து வைத்திருங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை பெறலாமா?

பதில்: பெரும்பாலான திட்டங்கள் அனுமதிப்பதில்லை. சில, கல்விக் கட்டணத்துக்கு ஒன்று, வாழ்க்கைச் செலவுக்கு ஒன்று என்றால் ஏற்கும். மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், பெயரும் கெடும்.

கேள்வி: வெளிநாட்டுத் திட்டத்தில் "முழு உதவித்தொகை" கிடைத்திருக்கிறது. இனிமேல் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை அல்லவா?

பதில்: யோசிக்க வேண்டும். வாழ்த்துகள், ஆனால் கடிதத்தை வரி விடாமல் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். பயணம், விசா, வாடகை எல்லாம் அந்த மாதத் தொகைக்குள்தான். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும் என்பதால் வீடு மாறும் செலவும் உண்டு. முதல் தவணை பெரும்பாலும் நீங்கள் போய்ச் சேர்ந்து, வங்கிக் கணக்குத் திறந்த பிறகே வரும். வாடகை முன்பணத்துக்கும் முதல் சில வாரச் சாப்பாட்டுக்கும் கையில் பணம் வேண்டும்.

பணம் தவிர்த்த நிபந்தனைகளும் உண்டு. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போகிறவர்கள், படிப்புக்குப் பின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்த பிறகே அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். இது ஏற்புடையதா என்று கையெழுத்திடும் முன் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. சோதனைகள் எதுவுமே கைகூடவில்லை. அடுத்த மாதம் முன்னேற்ற அறிக்கை. உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களோ என்று தூக்கமே வருவதில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்துப் போனேன். முதலில் இதைக் கேளுங்கள்: சோதனை தோற்றதற்காக உதவித்தொகையை நிறுத்தும்படி நான் இருந்த எந்தக் குழுவும் பரிந்துரைத்ததில்லை. அறிக்கையே தராமல் மறைந்துபோனவர்களுக்குத்தான் சிக்கல் வந்தது.

அறிக்கையில் என்ன எழுதுவது? எதைச் செய்தீர்கள், எந்த வெப்பநிலையில், எந்தச் செறிவில், எத்தனை முறை, என்ன கிடைத்தது என்று உள்ளபடி எழுதுங்கள். கட்டுப்பாட்டுச் சோதனை, அதாவது விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டுச் சோதனை, சரியாக வந்ததா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அது சரியாக இருந்தால் உங்கள் தோல்விக்கு அறிவியல் மதிப்பு உண்டு, ஒரு வழி அடைபட்டிருக்கிறது என்று அது நிரூபிக்கிறது. பிறகு, அடுத்து எந்த வழி என்று ஒரு பக்கம். எண்களை அழகுபடுத்தும் ஆசை மட்டும் வரவே கூடாது. ராமானுஜனும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை எழுதித்தான் அந்த 75 ரூபாயைப் பெற்றார்.

அறிக்கையை அனுப்பும் முன் நெறியாளரிடம் பேசுங்கள். அவரிடம் பேச முடியாத நிலை என்றால் ஆலோசனைக் குழுவில் உள்ள வேறொருவரிடம் பேசுங்கள். தூக்கம் இல்லாமல் நாள்கள் போகின்றன என்றால் மருத்துவரையும் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: படித்து முடித்ததும் உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: கடன் உதவித்தொகை என்று தனியாகச் சொல்லியிருந்தால் மட்டுமே. மேரி கியூரி பாரிஸில் கணிதப் பட்டத்தை முடிப்பதற்கு, 1893இல் கிடைத்த 600 ரூபிள் அலெக்சாண்ட்ரோவிச் உதவித்தொகை கைகொடுத்தது. சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. இன்னொரு மாணவருக்குப் போகட்டும் என்பது அவர் எண்ணம். எனக்கு மிகவும் பிடித்த செயல் இது, ஆனால் உங்களுக்கு அந்தக் கடமை இல்லை.

கேள்வி: ஒரு முகவர், முன்பணம் கட்டினால் உதவித்தொகை உறுதி என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். உதவித்தொகையை யாராலும் உறுதியளிக்க முடியாது. விண்ணப்பக் கட்டணம் ஏதேனும் இருந்தாலும் உதவித்தொகை வழங்கும் நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாகக் கட்டலாம். அவர் கேட்டாலும் சான்றிதழ் நகல்களையும் கடவுச்சீட்டு நகலையும் அனுப்பாதீர்கள். ஏற்கனவே கொடுத்திருந்தால், திட்டத்தை நடத்தும் அலுவலகத்துக்கு இன்றே எழுதி, உங்கள் பெயரில் ஏதேனும் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.